இரண்டு மழைமானிகளுக்கு இடையே ஒரு நகரம்: 1908 மூசி வெள்ளமும் மல்காஜ்கிரியும்

1908 செப்டம்பர் இறுதியில், ஹைதராபாத் நகரத்துக்குத் தென்மேற்கே உள்ள ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குல மழை பதிவாயிற்று. ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். 2020 அக்டோபர் 13ஆம் நாள் தொடங்கி மறுநாள் காலை வரை, அதே நகரத்துக்குக் கிழக்கே, மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தின் கட்கேசரில் பதிவான மழையும் 32 சென்டிமீட்டரே. இரண்டையும் கொணர்ந்தவை வங்கக் கடலில் உருவாகித் தக்காணப் பீடபூமியின்மேல் ஏறிய தாழ்வழுத்தங்கள். கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் புயல் தம்மைத் தீண்டாது என நம்பும் நகரம் ஹைதராபாத். அந்த நம்பிக்கையை ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை சோதித்த மழைகள் இவை. அளவு ஒன்று, பெய்த திசை வேறு. இந்தத் திசை வேறுபாட்டில்தான் பேரிடர்க்கால அரசுத் தலைமையின் வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. நகரத்தைப் பற்றிய நூல்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை.

1908 செப்டம்பர் 28இன் நிகழ்வுகள் பலரும் அறிந்தவை. மூசியாறு கரையுடைத்து நகரின் நடுவே புகுந்தது. அஃப்சல் பாலம், முசல்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் மூன்றும் நிலைகுலைந்தன. 1578இல் குதுப்ஷாகிகள் கட்டிய புரானா புல் மட்டுமே இரு கரைகளையும் இணைத்து நின்றது. உயிரிழந்தோர் பதினையாயிரம் பேர் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அக்காலக் கணக்கெடுப்பு முறையை நோக்க, அதை மதிப்பீடாகக் கொள்வதே தகும். அஃப்சல்கஞ்ச் மருத்துவமனை வளாகத்துப் புளியமரம் ஒன்றில் தொற்றிக்கொண்டு நூற்றைம்பது பேர் பிழைத்த செய்தியை நகரம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அம்மரம் இன்றும் உண்டு. உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தாயையும் மனைவியையும் மகளையும் அந்த ஒரே வெள்ளத்தில் இழந்தார். தாம் மட்டும் பிழைத்து அதைக் கவிதையாக்கினார்.

அரியணையில் இருந்தவர் ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான். முதலமைச்சராகத் திவான் பொறுப்பில் இருந்தவர் மகாராஜா கிஷன் பர்ஷாத். அரண்மனைகள் வீடிழந்தோருக்குத் திறந்துவிடப்பட்டன, கஞ்சித்தொட்டிகள் அமைக்கப்பட்டன, துணியும் பணமும் வழங்கப்பட்டன. நிஜாம் வேட்டி அணிந்து, பூணூல் தரித்து, மூசிக்கரையில் ஆரத்தி எடுத்து, ஆற்றுக்குப் புடவையும் முத்தும் சார்த்தி வெள்ளத்தைத் தணித்தார் என்பது நகரில் வழங்கும் கதை. இதை ஆவணச் செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்கு வந்து நிற்கும் மன்னனையே தங்கள் தலைமையாக மக்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அது சான்று. பேரிடரில் கருணை காட்டிய மன்னர்கள் இந்திய வரலாற்றில் அரியவர்கள் அல்லர். 1876–78 தாது வருடப் பஞ்சத்தை நினைவில் கொண்ட தமிழ் வாசகருக்குக் கஞ்சித்தொட்டி என்ற சொல்லின் ஆறுதலும் தெரியும், போதாமையும் தெரியும்.

ஹைதராபாத் அரசை வேறுபடுத்திக் காட்டுவது வெள்ளம் வடிந்த பின் அது எழுப்பிய கேள்விதான். இத்தனை நீர் எங்கிருந்து வந்தது? பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஐரோப்பாவில் பயணத்தில் இருந்த மோக்சகுண்டம் விசுவேசுவரையாவுக்கு அழைப்புச் சென்றது. அவர் 1909 ஏப்ரலில் ஹைதராபாத் வந்தார். அக்டோபர் முதல் நாளில் அறிக்கை அளித்தார். நவம்பரில் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகச் சென்றுவிட்டார். ஆறு மாதத்துக்குள் முடிந்த வேலை அது.

அந்த அறிக்கையின் சாரமாக இன்று நினைவுகூரப்படுவது, நகரத்துக்கு மேலே மூசியின் மீதும் அதன் துணையாறான ஈசியின் மீதும் இரண்டு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் என்பதே. ஆனால் பரிந்துரைக்கு முன்னதாக அதில் ஒரு நோயறிதல் இருக்கிறது. நகரத்துக்கு மேற்பட்ட மூசியின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 860 சதுர மைல். அதில் இருந்த ஏரிகள் 788. அதாவது ஏறக்குறைய சதுர மைலுக்கு ஓர் ஏரி. அந்த மழையில் அவற்றுள் 221 ஏரிகள் உடைந்தன. உச்சநேரத்தில் வினாடிக்கு 4,25,000 கன அடி நீர் நகரத்தின் வழியே பாய்ந்ததாக அவர் கணித்தார். வானம் கொட்டியது பாதி. மேலேரியின் கரை உடைந்து கீழேரியை நிரப்ப, அதன் கரையும் உடைந்து அடுத்ததன்மேல் விழ, சங்கிலித் தொடராக அவிழ்ந்த நீர் மீதி. செங்கல்பட்டு, இராமநாதபுரம் மாவட்டங்களின் ஏரிப்பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மேலேரியின் கலிங்கு சரியில்லையென்றால் கீழூருக்கு உறக்கமில்லை. இயற்கைச் சீற்றம் என்ற சொல்லோடு நின்றுவிடாமல், இத்தனை ஏரிகள், இத்தனை உடைப்புகள் என எண்ணிக் காட்டியதே அந்த அறிக்கையின் பெருமை. ஏரிகளைப் பராமரிக்கும் கடமை அரசினுடையது. ஆகவே அந்த எண், அரசு தன் வேண்டுகோளின்பேரில் பெற்றுக்கொண்ட குற்றப்பத்திரிகையும் ஆகும். அதைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாமல் பணமும் ஒதுக்கியது என்பதை மன்னராட்சி என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிடலாகாது.

மஹ்பூப் அலி கான் 1911 ஆகஸ்டில் மறைந்தார். பணியைத் தொடர்ந்தவர் அவர் மகன் உஸ்மான் அலி கான். 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அலி நவாஸ் ஜங் போன்ற உள்ளூர்ப் பொறியாளர்களின் பொறுப்பில் அணைகள் எழுந்தன: மூசியில் உஸ்மான் சாகர், 1920, ஈசியில் ஹிமாயத் சாகர், 1927. ஆற்றின் இருமருங்கும் கரைச்சுவர்கள், பூங்காக்கள், உயர் நீதிமன்றம், உஸ்மானியா மருத்துவமனை, நகரக் கல்லூரி எல்லாம் அந்த அலையில் வந்தவை. நெருக்கமான சேரிகளை அகற்றியபோது ஏழைகள் ஆற்றோரத்திலிருந்து விலக்கப்பட்டார்கள் என்பதும் இதன் மறுபக்கம்.

இக்காலத்தில் உலகின் மறுகோடியில் ஓர் ஒப்புமை கிடைக்கிறது. 1900 செப்டம்பர் 8 அன்று டெக்சாஸ் கடற்கரைத் தீவுநகரமான கால்வெஸ்டனை ஹரிக்கேன் ஒன்று தாக்கியது. இறந்தோர் எண்ணாயிரம் பேர் எனக் கணிக்கப்படுகிறது. அந்நகரம் 1901இல் தன் ஆட்சிமுறையையே மாற்றிக்கொண்டு, துறைக்கு ஒரு பொறுப்பாளர் கொண்ட ஆணைய அரசை அமைத்தது. 1904இல் கடற்சுவரின் முதற்பகுதியை முடித்தது. கடல்மணலை இறைத்து நகரத்தின் தரையையே உயர்த்தியது. 1915இல் மீண்டும் பெரும்புயல் வந்தபோது சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினர். ஒருபுறம் குடியரசு, மறுபுறம் மன்னராட்சி. இரண்டிலும் அழிவைத் தொடர்ந்து ஒரு புதிய நிறுவனமும் ஒரு பெரிய கட்டுமானமும் தோன்றின. இரண்டிலும் பாதுகாப்புக்கு ஓர் எல்லையும் இருந்தது. சுவர் எங்கே முடிகிறதோ அங்கே பாதுகாப்பும் முடிந்துவிடும்.

ஹைதராபாத்தின் சுவர் தென்மேற்கைப் பார்த்து நின்றது. 1908இல் மழை பெய்தது அங்கே என்பதால், அணைகள் எழுந்ததும் அங்கேதான். அதில் தவறு காண முடியாது; கண்ட நோய்க்குத்தான் மருந்து தரமுடியும். ஆனால் மல்காஜ்கிரி இருப்பது நகரத்துக்கு வடகிழக்கே. அப்பகுதியில் பெய்யும் மழை உஸ்மான் சாகருக்கோ ஹிமாயத் சாகருக்கோ செல்வதில்லை. சஃபில்குடா ஏரி, பண்டச் செருவு போன்ற சிற்றேரிகளில் தங்கி, நாலாக்கள் எனப்படும் ஓடைகள் வழியே வழிந்து, இறுதியில் மூசியை அடைவது அந்நீரின் இயல்பான வழி. தமிழில் ஏரி, தெலுங்கில் செருவு, அமைப்பு ஒன்றே.

அன்றைய ஆட்சி எல்லைகளையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நகரத்தைச் சுற்றிய கிராமப்பகுதி அத்ராஃப்-இ-பல்தா என்ற பெயரில், நிஜாமின் சொந்த வருவாய் நிலமாக நிருவகிக்கப்பட்டது. அருகிலேயே பிரிட்டிஷார் கைவசம் இருந்த செகந்தராபாத் கண்டோன்மென்ட். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கண்டோன்மென்ட்டும் ரயில்வேயும்தான். செகந்தராபாத்திலிருந்து மன்மாட் செல்லும் ரயில்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மல்காஜ்கிரி வழியே சென்றது. நகர மேம்பாட்டு வாரியத்தின் கவனம் மூசிக்கரை நகரத்தின்மேல் இருந்தது. கண்டோன்மென்ட்டுக்குத் தனி நிர்வாகம். இரண்டுக்கும் வெளியே, வயலும் ஏரியுமாக இருந்த கிராமத்தை வெள்ளத் திட்டத்தில் சேர்க்க அன்று காரணம் எதுவும் இல்லை. ஏரிகள் வருவாய்த் துறையின் பதிவேட்டில் பாசன ஏரிகளாக இருந்தன. ஆயக்கட்டு இருந்தவரை அவற்றின் கரையைக் கவனிக்க ஆளும் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் ஹைதராபாத் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராயிற்று. புயல் பேரிடரைப் பற்றி அந்தத் தலைமைச் செயலகம் கற்றுக்கொண்ட பாடம் கடற்கரையிலிருந்து வந்தது. 1977 நவம்பர் 19 அன்று கிருஷ்ணா கழிமுகத்தின் திவிசீமாவில் கடல் உட்புகுந்தபோது அரசுக் கணக்கின்படியே பத்தாயிரம் பேர் அளவில் இறந்தனர். 1990 மே மாதம் அதே கரையை நோக்கி வலுவான புயல் ஒன்று வந்தபோது, பல லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டவில்லை. எச்சரிக்கை, வெளியேற்றம், புகலிடம், பிறகு நிவாரணம் என்ற வரிசை அன்று உறுதிப்பட்டது. 1999 பெரும்புயலுக்குப் பின் ஒடிசா அரசு தனி ஆணையம் ஒன்றை அமைத்து இதே வழியை இன்னும் செம்மையாக்கி, 2013 ஃபைலின் புயலின்போது நாட்டுக்கே முன்மாதிரி ஆயிற்று. இந்திய நிர்வாகத்தின் உண்மையான சாதனைகளுள் ஒன்று இது.

ஆனால் கடற்கரைக்குப் பொருந்தும் இந்த அறிவு மல்காஜ்கிரிக்குப் பயன்படாது. கடல் எந்தக் கரையில் ஏறும் என்று முன்கூட்டிச் சொல்லலாம். ஒரு பெருநகரத்தின் எந்த வட்டத்தில் 32 சென்டிமீட்டர் கொட்டும் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல இயலாது. சொன்னாலும் அத்தனை லட்சம் பேரை எங்கே வெளியேற்றுவது? அங்கே தலைமையின் பணி மழைக்கு முந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் நடந்திருக்க வேண்டியது. மனைப்பிரிவு அனுமதிக் கோப்பில், நாலாவின் அகலத்தில், ஏரியின் முழுநீர் மட்டக் கல் எங்கே நடப்படுகிறது என்பதில்.

அந்த ஆண்டுகளில் மல்காஜ்கிரியில் நடந்தது, சென்னையின் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டாத கதை. வயல்கள் மனைகளாயின. ஆயக்கட்டு மறைந்ததும் ஏரிக்கு உரிமை கோருவோர் மாறினர். கலிங்கைக் கவனிக்க ஊரில் யாருக்கும் தேவை இல்லாது போயிற்று. வேளாண் ஏரி கழிவுநீர்க் குட்டையாயிற்று. மல்காஜ்கிரி முதலில் தனி நகராட்சி. 2007இல் சுற்றியிருந்த பதினொரு நகராட்சிகளோடு சேர்ந்து பெருநகர ஹைதராபாத் மாநகராட்சிக்குள் வந்தது. 2016இல் மேட்சல்–மல்காஜ்கிரி என்ற தனி மாவட்டத்தின் பெயரில் இடம்பெற்றது. 2019 தேர்தலில் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுடன் நாட்டிலேயே மிகப்பெரிய மக்களவைத் தொகுதியாக இருந்தது மல்காஜ்கிரி. ஊராட்சியாக இருந்த இடங்கள் நகராட்சியாகி, நகராட்சிகள் மாநகராட்சியாவதற்குள் ஏரி ஒரு துறையிலும், அதன் கால்வாய் வேறு துறையிலும், கரைமேல் எழுந்த வீட்டின் அனுமதி மூன்றாவது அலுவலகத்திலும் பிரிந்து கிடந்தன.

நகரம் எச்சரிக்கை பெறவில்லை என்றும் சொல்லமுடியாது. 2000 ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் மழை பெய்து ஹைதராபாத் மூழ்கியது. அதன்பின் மழைநீர் வடிகாலை ஆராய ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்பட்டது. நாலாக்களை அகலப்படுத்த வேண்டும் என்ற பரிந்துரையும் கிடைத்தது. 1909இன் அறிக்கை பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு அணைகளாக மாறியது. 2000க்குப் பின் வந்த அறிக்கை இருபது ஆண்டுகளில் பெருமளவும் காகிதமாகவே இருந்தது. இதைச் சொல்லும்போது நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். மனித வாழ்வு அடர்ந்திராத பள்ளத்தாக்கில் அணை கட்டுவதைவிட, வீடுகளுக்கு நடுவே ஓடையை அகலப்படுத்துவது அரசியலில் பன்மடங்கு கடினம். அணைக்காக வெளியேற்றப்படும் கிராமத்தவரின் குரல் மன்னர் அவையை எட்டாது. நாலாவின்மேல் வீடு கட்டியவருக்கோ வாக்கு உண்டு.

2020 அக்டோபர் 13 அதிகாலை, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காக்கிநாடா அருகே கரையைக் கடந்தது. அன்று இரவு நகரத்தின் கிழக்குப் பகுதி முழுவதும் கொட்டித் தீர்த்தது. மல்காஜ்கிரிப் பக்கத்துச் சிற்றேரிகள் நிரம்பித் தாழ்வான குடியிருப்புகளுக்குள் புகுந்தன. தென்மேற்கில் ஹிமாயத் சாகரும் நிரம்பி, நெடுங்காலத்துக்குப் பின் அதன் மதகுகள் திறக்கப்பட, மூசிக்கரைத் தாழ்வுகளும் நீரில் மூழ்கின. அவ்வணை காப்பதாக இருந்த கரையில் அணைக்குப் பின் வந்த வீடுகள் பல. விசுவேசுவரையா வெள்ளத்தைப் பிடித்துவைக்கக் கேட்ட நீர்த்தேக்கங்கள் நகரத்தின் குடிநீர்த் தேக்கங்களும் ஆயின. வெள்ளத்துக்காக வெற்றிடம் வேண்டும், குடிநீருக்காக நிறைந்திருக்க வேண்டும் என்ற இரட்டைக் கடமை அவற்றின்மேல் விழுந்தது. 2015இல் செம்பரம்பாக்கத்தின் மதகடியில் சென்னை எதிர்கொண்ட அதே இக்கட்டு.

தெலங்கானாவில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிவாரணம் விரைவாகவே அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 19 அன்று முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ், வெள்ளம் புகுந்த ஒவ்வொரு வீட்டுக்கும் 10,000 ரூபாய், முழுதும் இடிந்த வீட்டுக்கு ஒரு லட்சம், பாதி சிதைந்ததற்கு ஐம்பதாயிரம் என அறிவித்து, 550 கோடி ரூபாய் ஒதுக்கினார். தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் அனுப்பியது. பணம் முதலில் வீடுதோறும் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. தங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற குரல்கள் எழுந்தன. பின்னர் மீசேவா மையங்களில் விண்ணப்பிக்கச் சொல்லப்பட்டது. அங்கே வரிசைகள் தெருமுனைவரை நீண்டன. மாநகராட்சித் தேர்தல் டிசம்பர் 1 என அறிவிக்கப்பட்டிருந்ததால், நவம்பர் 18 அன்று மாநிலத் தேர்தல் ஆணையம் விநியோகத்தை நிறுத்தி வைத்தது. பத்தாயிரம் ரூபாய் ஒரு குடும்பத்துக்குச் சிறிதன்று. ஆனால் விசுவேசுவரையாவின் 788, 221 போன்ற எண்கள் 2020இன் பொதுவிவாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை. எத்தனை ஏரி நிரம்பியது, எத்தனை கரை உடைந்தது, எந்த நாலா எவ்வளவு சுருங்கியிருந்தது என்பவற்றைவிட, யாருக்குப் பணம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே அந்தத் தேர்தல் காலத்தின் பேச்சாயிற்று. தன் பழைய அறிக்கையை நகரம் அணைகளாக மட்டுமே நினைவில் வைத்திருந்தது. அந்த அணைகளுக்குக் காரணமான ஏரிக்கணக்கை மறந்திருந்தது.

அதற்குப் பின் ஒன்றும் நடக்கவில்லை என்பது சரியாகாது. நாலா மேம்பாட்டுத் திட்டம் ஒன்று 2021இல் தொடங்கி, வடகிழக்குப் புறநகர்களிலும் கால்வாய்கள் கட்டப்பட்டன. ஆனால் அதே காலத்தில் மறுதிசையில் வேறொன்றும் நிகழ்ந்தது. உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பெருங்கட்டுமானங்களைத் தடுத்துவந்த 1996ஆம் ஆண்டின் 111ஆம் எண் அரசாணையின் கட்டுப்பாடுகளை 2022 ஏப்ரலில் அரசு நீக்க முற்பட்டது. 84 கிராமங்களின் நிலவிலை பற்றிய பேச்சில் 1908 ஓர் அடிக்குறிப்பாகவே இருந்தது.

2020 வெள்ளத்தின்போது மல்காஜ்கிரியின் மக்களவை உறுப்பினராக இருந்தவர் ஏ. ரேவந்த் ரெட்டி. 2023 டிசம்பரில் அவர் முதலமைச்சரானார். 2024 ஜூலையில் ஏரி, நாலா ஆக்கிரமிப்புகளை அகற்றவும் பேரிடரைக் கையாளவும் ஹைட்ரா என்ற முகமையை அவரது அரசு நிறுவியது. அதன் அதிகார எல்லை வெளிவட்டச் சாலைவரை நீள்கிறது. 1912இன் வாரியத்தைப் போல மூசிக்கரையோடு நில்லாமல், மல்காஜ்கிரியின் சிற்றேரிகளும் அதற்குள் அடங்குகின்றன. ஆக்கிரமிப்பு எனக் கருதப்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. விடுமுறை நாளில் அவசரமாக இடித்தது ஏன் என உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் முகமையின் ஆணையரைக் கேட்டது. இடிபட்ட வீடுகளுள் பதிவுப் பத்திரமும் உள்ளாட்சி அனுமதியும் பெற்றவை உண்டு. அனுமதி வழங்கியதும் அரசின் ஓர் அலுவலகமே. எது ஏரி, எது மனை என்ற வழக்கைத் தீர்க்க வேண்டியது முழுநீர் மட்ட எல்லை. அவ்வாண்டில் நகரப்பகுதி ஏரிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அதன் முதனிலை அறிவிப்பு மட்டுமே வெளிவந்திருந்தது. இறுதி அறிவிப்புப் பெற்றவை மிகச் சில.